எண்பது நிமிடமும் ஒரு சிரட்டை ரப்பர் பாலும்

பள்ளிக்கூடத்தை நவீனமாக்குவது என்றதும் எல்லார் கண்ணும் சுவரில் மாட்டுகிற திரைக்குத்தான் போகிறது. குமரி மாவட்டத்தில் நிறைய வகுப்பறைகளுக்கு அந்தத் திரை வந்தாயிற்று. கணினி ஆய்வகம் வந்தது. 2018-19இல் 1, 6, 9, 11 ஆம் வகுப்புகளுக்கும், அதைத் தொடர்ந்து மற்ற வகுப்புகளுக்கும் புதுப் பாடநூல் வந்தது. கியூஆர் கோடும் 'செயல்பாடு' கட்டங்களும் அதோடு வந்தன. புத்தகத்தைக் குறை சொல்ல அதிகம் இல்லை. பல பாடங்கள் உண்மையிலேயே நன்றாக எழுதப்பட்டவை. பழையபடியே கிடப்பது கால அட்டவணைதான். நாளைக்கு 8 பீரியட், ஒவ்வொன்றும் 40 நிமிடம், நடுவில் மணி. 'செய்து பார்' என்கிற புத்தகத்தை, செய்துபார்க்க நேரமே இல்லாத அட்டவணைக்குள் திணித்தால், ஆசிரியர் அந்தக் கட்டத்தை வாசித்துக் காட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவார். வேறென்ன செய்வார்?

அந்த 40 நிமிடத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ஆசிரியர் ஒரு வகுப்பிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து வர 3 நிமிடம். பிள்ளைகள் முந்தைய நோட்டை வைத்து அடுத்ததை எடுத்து அடங்க 4. ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய்த் திரும்ப 8. சாமான்களைக் கழுவி வைக்க 6. மிச்சம் 19 நிமிடம். அதற்குள் ஒரு சோதனையைச் செய்து, பார்த்ததை எழுதி, ஏன் என்று பேச முடியாது. ஆகவே முதலில் மாற்ற வேண்டியது மணி. வாரத்தில் ஒரு பாடத்துக்கு ஒரு முறையாவது இரண்டு பீரியடை ஒட்டி 80 நிமிடமாக்க வேண்டும். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. அதனால்தானோ என்னவோ, இதை யாரும் திட்டமாக நினைப்பதில்லை.

80 நிமிடம் கிடைத்துவிட்டது என்பதற்காக இரண்டு மடங்கு நேரம் விரிவுரை செய்தால் பிள்ளைகள் செத்தே போவார்கள். நடைமுறையில் நிற்கும் பங்கீடு இது: தொடக்கக் கேள்விக்கும் குழு பிரிப்பதற்கும் 10, செய்வதற்கு 25, தனித்தனியாக நோட்டில் எழுத 15, எல்லாரும் சேர்ந்து பேச 20, கழுவி அடுக்க 10. இதில் முதலில் திருடுபோவது எழுதும் 15 நிமிடம். "வீட்டில் எழுதிக்கொண்டு வா" என்று விட்டால் மறுநாள் 30 நோட்டிலும் ஒரே வாக்கியம் இருக்கும். கண்ணால் பார்த்த சூட்டோடு எழுதினால்தான் ஒருவன் எழுதியது இன்னொருவனோடு ஒத்துப்போகாமல் இருக்கும். அந்த ஒத்துப்போகாத இடம்தான் அடுத்த 20 நிமிடப் பேச்சுக்கு விறகு.

அட்டவணை போடும் வரிசை முக்கியம். வழக்கமாகத் தமிழ், ஆங்கிலம், கணக்கு என்று நிரப்பிக்கொண்டே போய், கடைசியில் டபுள் பீரியடுக்கு இடம் தேடுவார்கள். கிடைக்காது. முதலில் எல்லாரும் பங்குபோடும் இடங்களை வையுங்கள்: ஆய்வகம், கணினி அறை, மைதானம். அடுத்து டபுள் பீரியடுகள். பிறகு, இரண்டு மூன்று பிரிவுகளுக்கு ஒரே ஆள் எடுக்கும் பாடங்கள். ஒற்றைப் பீரியடுகள் கடைசியில்தான். வாரம் 28 பீரியட் எடுக்கிற ஒருவருக்கு 4 டபுளுக்கு மேல் போட்டால் அவரால் தயாரிக்க முடியாது. இரண்டாம் மாதமே அது மறுபடி விரிவுரையாகிவிடும். திங்கள் முதல் பீரியட் வேண்டாம், காலை வழிபாடு நீளும். கடைசி இரண்டும் வேண்டாம், மலைப் பக்கப் பிள்ளைகளுக்குப் பஸ்ஸில்தான் மனம் இருக்கும், கழுவுகிற வேலை ஆசிரியர் தலையில் விழும். மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த 5, 6 நல்ல நேரம். அந்த வேளையில் கேட்டுக்கொண்டு உட்காருவதுதான் கஷ்டம், கையால் செய்வது எளிது. ஆனால் தக்கலை, குளச்சல் பக்கம் வெள்ளிக்கிழமை மதியத்தை விட்டுவிடுங்கள். ஜும்மா தொழுகைக்குப் போய்வரும் பிள்ளைகள் முதல் கால் மணி நேரத்தை இழப்பார்கள். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: டபுளுக்கு இடம் இல்லையென்று விளையாட்டுப் பீரியடில் கைவைப்பவர்கள் இருக்கிறார்கள். அதைவிட டபுள் இல்லாமலே இருக்கலாம்.

டபுளுக்கு உள்ள பெரிய ஆபத்து, ஆசிரியர் வராத நாள். ஒரு நாள் பயிற்சிக்கோ தேர்தல் வேலைக்கோ அவர் போனால் ஒரே அடியில் இரண்டு பீரியட் போய்விடும். மாற்று ஆள் வந்தால் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வார், அவ்வளவுதான். அதற்கென்று ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று தாள் வேலை தயாராக ஒரு கோப்பில் இருக்க வேண்டும்: வரைபடம், அளவுகள் கொடுத்த அட்டவணை, படம் பார்த்து எழுதுவது. எந்த ஆசிரியர் வந்தாலும் நடத்தக்கூடியதாக இருக்க வேண்டும்.

இனி நம்ம ஊர் மழை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 1 முதல் 5 வரை 200 வேலை நாளும், 6 முதல் 8 வரை 220 நாளும் கேட்கிறது. குமரிக்கு இரண்டு பருவமழை. ஜூன், ஜூலையில் தென்மேற்கு, அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு. இடையில் நவம்பர் 1 குமரி நாள், டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா என்று உள்ளூர் விடுமுறைகளும் உண்டு. ஆண்டுத் திட்டத்தை ஜூனிலிருந்து சம பங்காகப் பிரித்தால் நவம்பரில் முழி பிதுங்கும். செய்து பார்க்கும் பாடங்களை ஆகஸ்ட், செப்டம்பர், ஜனவரிக்கு நகர்த்தி, மழை மாதங்களில் வாசிப்பும் எழுத்துமான பாடங்களை வைப்பதே புத்தி. தகரக் கூரை போட்ட வகுப்பில் ஜூன் மழை இறங்கினால் அடுத்த பெஞ்சில் பேசுவதே கேட்காது. அந்த அறைக்கு எழுத்து வேலையைத் தவிர வேறு எதுவும் ஓடாது.

பழைய பள்ளிகள் பலவற்றில் நீண்ட ஓட்டுக் கட்டடம். ஒரே ஹாலைத் தட்டி வைத்து மூன்று நான்கு வகுப்பாகப் பிரித்திருப்பார்கள். தட்டி பார்வையை மறைக்கும், சத்தத்தை மறைக்காது. ஒரு வகுப்பு குழுவாகப் பேச ஆரம்பித்தால் அடுத்த வகுப்பின் கணக்கு நின்றுபோகும். ஆசிரியர்களுக்குள் மனத்தாங்கல் வருவதும் இங்கேதான். ஒரு நேரத்தில் ஒரு தட்டிக்குள் மட்டும் சத்தமான வேலை என்று அட்டவணையிலேயே வண்ணம் போட்டுக் குறித்துவிட்டால் பாதிச் சண்டை தீரும். இன்னொரு வழி திண்ணை வராந்தா. காற்று மேற்கிலிருந்து அடிக்கும் மாதங்களில் கிழக்கு வராந்தா காய்ந்திருக்கும். அக்டோபருக்குப் பிறகு நிலைமை பல நாள் தலைகீழ்.

2025 ஜூலையில் 'ப' வடிவ இருக்கை தமிழ்நாடு முழுக்கப் பேச்சானது. ஆதரவும் எதிர்ப்பும் சத்தமாக இருந்தன, டேப் எடுத்து அளந்தவர்கள்தான் குறைவு. அளந்தே பார்ப்போம். 20 அடிக்கு 20 அடி அறை. 5 அடி பெஞ்சும் அதன் டெஸ்க்கும் சேர்ந்து 3 அடி அகலம் பிடிக்கும். கரும்பலகைப் பக்கம் 5 அடி விட்டால் பக்கச் சுவருக்கு 15 அடி கிடைக்கும், பக்கத்துக்கு 3 பெஞ்ச். பின்சுவரின் இரண்டு மூலையையும் பக்க வரிசைகள் தின்றுவிடும், மிஞ்சும் 14 அடியில் 2 பெஞ்ச். ஆக 8 பெஞ்ச், மூன்று பேர் வீதம் 24 பிள்ளைகள். கதவு பக்கச் சுவரில் இருந்தால் ஒரு பெஞ்ச் போய் 21. உள்ளே இன்னொரு வரிசையை, பக்கத்துக்கு 2 பெஞ்ச் என்று போட்டால் 36 வரை உட்காரலாம். ஆனால் வரிசைகளுக்கு இடையே நடக்க இரு பக்கமும் ஒன்றரை அடி விட்டால் நடுவில் மிஞ்சுவது 5 அடி சந்து. 24க்கு உள்ளே இருக்கும் வகுப்புக்கு இந்த அமைப்பு அருமை, 36க்குச் சுமார், 40க்கு வேண்டவே வேண்டாம்.

கழுத்து வலி என்று சொன்னவர்கள் சொன்னதிலும் உண்மை உண்டு. பக்க வரிசைக்காரர்கள் 40 நிமிடமும் ஒரே பக்கம் திரும்பியிருப்பார்கள். பெஞ்சைச் சுவருக்கு இணையாக ஒட்டாமல், பின்முனையைக் கொஞ்சம் வெளியே இழுத்துச் சாய்வாகப் போட்டால் பாதி சரியாகும். மீதிக்கு, திங்கள்தோறும் இடப்பக்கம் இருப்பவர்களை வலப்பக்கம் மாற்றுங்கள். மேற்குச் சன்னல் ஓரத்துப் பெஞ்ச் ஜூனில் நனையும் என்பதையும் மறக்க வேண்டாம். பலகையில் எழுதி விளக்கும் நாளில் பழைய வரிசை, பேசும் நாளில் 'ப' என்று வைத்துக்கொள்வதே சரி. 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு வாரம் பழகினால் 3 நிமிடத்தில் மாற்றிவிடுவார்கள். பெஞ்சைத் தரையில் இழுக்காமல் தூக்கி வைக்கப் பழக்குவது மட்டும் ஆசிரியரின் பாடு.

சரி, 80 நிமிடத்தில் செய்வது என்ன? புத்தகத்தில் உள்ளதையே நம் தோட்டத்துப் பொருளை வைத்துச் செய்யலாம். குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் பாலைவிடச் சுலபமாகக் கிடைக்கும் வேதியியல் எதுவும் இல்லை. அமிலம், காரம், கூழ்மம் (நீரில் நுண்துகள் மிதக்கும் கலவை) மூன்றையும் ஒரு சிரட்டைக்குள் காட்டிவிடலாம்.

அன்று காலை வெட்டிய பால் 300 மில்லி போதும். அதில் 300 மில்லி தண்ணீர் கலந்து வடிகட்டி, மூன்று கிண்ணங்களில் 200 மில்லி வீதம் ஊற்றுங்கள். முதல் கிண்ணத்தில் ஒன்றும் சேர்க்க வேண்டாம். இரண்டாவதில் சமையல் வினிகர் 10 மில்லி. மூன்றாவதில் சில துளி அம்மோனியா, அதை ஆசிரியர் மட்டும், சன்னல் பக்கம் வைத்து. லிட்மஸ் தாளை மூன்றிலும் தொட்டு எழுதச் சொல்லுங்கள். வினிகர் விட்டது சிறிது நேரத்தில் தயிர்போல் இறுகும். அம்மோனியா விட்டது பாலாகவே இருக்கும். சும்மா வைத்தது சாயங்காலமோ மறுநாளோ தானே உறையும். பாக்டீரியா உண்டாக்கும் அமிலம் அது என்பதைப் பிள்ளைகளே சொல்ல வைக்கலாம். தோட்டங்களில் பாலை உறையவைத்து ரப்பர் ஷீட் அடிக்கப் பயன்படுத்துவது பார்மிக் அமிலம். வீட்டில் இருக்கிறது என்று அதை யாரும் கொண்டுவர விடாதீர்கள், தோலைப் பொசுக்கிவிடும்.

தவறுகிற இடங்கள் மூன்று. மதியம் வரை வைத்திருந்த பால் வகுப்புக்கு முன்பே கட்டிதட்டத் தொடங்கிவிடலாம், ஆகவே இந்த ஒரு பாடத்துக்கு மட்டும் காலை 3, 4 பீரியடைப் பிடியுங்கள். சேகரிப்பு இடத்தில் வாங்கிய பாலில் ஏற்கெனவே அம்மோனியா விட்டிருப்பார்கள், 10 மில்லி வினிகருக்கு அது அசையாது, சோதனை தோற்றதுபோல் தெரியும். மூன்றாவது சீருடை. துணியில் பட்டுக் காய்ந்த பால் எந்தச் சோப்புக்கும் போகாது, அடுத்த நாள் அம்மாக்கள் பள்ளி வாசலில் நிற்பார்கள். பழைய சட்டையை மேலே போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். ரப்பர் ஒவ்வாமை உள்ள பிள்ளை யார் என்றும் முன்பே கேட்டு வையுங்கள்.

உறைந்த கட்டியை உருட்டுக் கட்டையால் தட்டையாக்கி எடை போட்டு, நிழலில் காயவைத்து வாரம் ஒருமுறை எடை பார்த்தால் கணக்குப் பாடமும் ஆயிற்று. ரப்பர் பாலில் காய்ந்த ரப்பர் ஏறக்குறைய 30 முதல் 40 சதவீதம். பிள்ளைகளின் கணக்கு அதற்குப் பக்கத்தில் வந்தால் நன்று, வராவிட்டால் இன்னும் நன்று: ஈரம் போகவில்லையா, தண்ணீர் கூடுதலா, தராசு சரியில்லையா என்று தேடலாம். ஜூன், ஜூலையில் மழைத்தடுப்பு ஒட்டாத மரத்தில் வெட்டு நடக்காது. வெட்டினாலும் ஷீட் காயாமல் பூஞ்சை பிடிக்கும். பிப்ரவரி வாக்கில் மரங்கள் இலை உதிர்த்து ஓய்வில் இருக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் முடித்துவிடுவது உத்தமம்.

மழைமானி இன்னும் சுலபம், ஆனால் தப்பாகச் செய்யப்படுவதும் இதுதான். இரண்டு லிட்டர் பாட்டிலின் தலையை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக வைப்பார்கள், சரி. அடிப்பாகம் மேடும் பள்ளமுமாக இருப்பதை மறந்து அடியிலிருந்தே ஸ்கேல் ஒட்டுவார்கள், அங்கேதான் கணக்குப் போகிறது. பள்ளத்தைச் சிமெண்டால் நிரப்பி, சுவர் நேராகும் இடத்தில் பூஜ்யம் குறிக்க வேண்டும். பாட்டிலின் விட்டம் 10 செ.மீ. என்றால் 78.5 மில்லி தண்ணீர் ஊற்றினால் சரியாக 1 செ.மீ. உயர வேண்டும். உயராவிட்டால் ஸ்கேலை நம்பாதீர்கள். வைக்கும் இடம் தென்னைக்குக் கீழே கூடாது. நம்மூர் பள்ளி வளாகத்தில் தென்னை இல்லாத இடம் கண்டுபிடிப்பதே ஒரு தனிப் பாடம்! தினமும் காலை 8.30க்குப் பார்க்க வேண்டும். சனி, ஞாயிறு விட்டுப்போனால் திங்கள் அளவை 'மூன்று நாள் மொத்தம்' என்று எழுத வேண்டும், ஒரே நாள் மழையாக எழுதினால் வரைபடம் பொய் சொல்லும்.

நாளிதழில் பாலமோர், பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சுருளகோடு, பூதப்பாண்டி, குழித்துறை, கொட்டாரம், மயிலாடி என்று வரும் மழை அளவுகளைக் கத்தரித்து ஒட்டிப் பள்ளி அளவோடு வரைந்தால், மலையடிவாரத்துக்கும் கிழக்குச் சமவெளிக்கும் உள்ள வித்தியாசம் ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றிப் புத்தகம் ஒரு பத்தியில் சொல்வது அது.

10ஆம் வகுப்பு முக்கோணவியலுக்கு மாத்தூர் தொட்டிப்பாலம் இருக்கிறது. 1966இல் கட்டியது, உயரம் 115 அடி, அதாவது ஏறக்குறைய 35 மீட்டர். கோணமானி, நூல், நூலில் கட்ட ஒரு நட், ஒரு உறிஞ்சுகுழல் போதும். தூணிலிருந்து 40 மீட்டர் தள்ளி நின்றால் கோணம் 40 டிகிரி பக்கம் வர வேண்டும். அந்தத் தூரத்தில் 1 டிகிரி பிசகினால் விடை 1.2 மீட்டர், அதாவது 4 அடி மாறிவிடும். நால்வர் அளந்து சராசரி எடுப்பது எதற்கு என்று அப்போது யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கண்மட்ட உயரத்தைக் கூட்ட மறப்பதும், சரிவில் டேப்பைப் பிடித்துத் தரைத் தூரமாக எழுதுவதும் வழக்கமான பிழைகள்.

கடற்கரைப் பள்ளிகளுக்கு எதிரொலிப் பாடம். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். படகிலுள்ள கருவியிலிருந்து போன ஒலி 0.1 நொடியில் திரும்பினால் ஆழம் 75 மீட்டர். மீனவர் கணக்கில் அது 41 பாகம். ஒரு பாகம் என்பது கையை விரித்த நீளம், ஏறக்குறைய 6 அடி. வகுப்பில் எல்லார் விரிகையையும் அளந்துவிட்டுப் பிறகு கருவிக்குப் போனால், தாத்தா கயிற்றில் அளந்ததும் அப்பா திரையில் பார்ப்பதும் ஒன்றுதான் என்பது தானே விளங்கும்.

மதிப்பெண் பக்கம் வந்தால்: வளரறி மதிப்பீட்டு முறை உள்ள வகுப்புகளில், வகுப்பு வேலையைப் பார்த்துப் போடும் வளரறிக்கு 40 மதிப்பெண், இறுதித் தேர்வான தொகுத்தறிக்கு 60. அந்த 40இன் செயல்பாட்டுப் பங்குதான் இப்போது ஸ்டேஷனரிக் கடைகளை வாழவைக்கிறது. வாங்கிய சார்ட், ஒட்டிய படம், தெர்மாகோல் எரிமலை. எல்லாம் பெற்றோர் கைவண்ணம். மழைமானிக் குறிப்பேட்டையும் ரப்பர் பால் நோட்டையும் அதற்கு மதிப்பிடலாம், விதி எதுவும் தடுக்கவில்லை. 10 மதிப்பெண்ணைப் பார்த்தது 3, பதிவு 3, காரணம் சொன்னது 4 என்று பிரித்து வகுப்பிலேயே போட்டுவிட்டால் வீட்டுச் சுமையும் குறையும். தவறான விடைக்குச் சரியான காரணம் எழுதியவனுக்கு 4இல் 4 கொடுக்கும் துணிச்சல் வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை எல்லாரும் 'சரியான' அளவை இட்டுக்கட்டி எழுதுவார்கள்.

திரைக்கும் கணினிக்கும் வருவோம். முட்டம், குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் இவற்றின் எதிரி உப்புக்காற்று. கோடை விடுமுறையில் பூட்டிக் கிடந்து, ஜூன் ஈரக்காற்றில் திறந்தால் பாதி கணினி எழுந்திருக்காது. 'பீப்' சத்தம் மட்டும் வந்து திரை இருட்டாக இருந்தால் மின்இணைப்பைக் கழற்றிவிட்டு, ரேம் பட்டையை எடுத்து அதன் மஞ்சள் முனையைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து மாட்டுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். இயங்கும் கணினியின் சூடுதான் ஈரத்துக்கு மருந்து. வேலை நாளில் தினம் அரை மணி நேரம், விடுமுறையில் வாரம் இருமுறை ஓட வேண்டும். துணியால் மூடுங்கள், பாலிதீன் வேண்டாம், அது ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும். பிளக் பாயிண்டில் பச்சை படிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். இடி இடிக்கும் சாயங்காலங்களில் மின்இணைப்பை மட்டும் பிடுங்கினால் போதாது, இணையக் கேபிளையும் பிடுங்க வேண்டும். அந்த வழியாக இறங்கிய மின்னல் ஒரு வரிசைக் கணினியையே கொண்டுபோகும். யு.பி.எஸ். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் பார்க்கும் தேதியைச் சுவரில் எழுதி, ஒருவர் பெயரையும் எழுதுங்கள். 'எல்லாரும் பார்ப்போம்' என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

இரண்டு ஆசிரியர் மட்டும் உள்ள தொடக்கப் பள்ளிகளுக்கு இந்த அட்டவணைப் பேச்சு பொருந்தாது. அங்கே அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் கொண்டுவந்த, பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கும் முறையே நல்ல சட்டகம்.

இதையெல்லாம் பெற்றோரிடம் சொல்லாமல் தொடங்கினால் "பாடம் நடத்தாமல் விளையாட விடுகிறார்கள்" என்ற பேச்சு ஒரே வாரத்தில் ஊர் சுற்றும். பள்ளி மேலாண்மைக் குழுவில் அட்டவணையைக் காட்டிப் பேசிவிடுங்கள். நாளைப் பார்த்து வையுங்கள். குளச்சல் முதலான மேற்குக் கரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, சின்னமுட்டம் உள்ளிட்ட கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அப்பாக்கள் கரையில் இருப்பது அப்போதுதான். ஜூன் முதல் பாதியில் கூட்டினால் இரு கரைக்காரர்களும் கிடைப்பார்கள். பால் வெட்டுக்காரர்களுக்குக் காலைக் கூட்டம் ஆகாது, மாலை 4 மணி சரி.

முதல் ஆண்டில் ஒரே ஒரு வகுப்பை எடுங்கள், 8ஆம் வகுப்பு நல்லது. பொதுத்தேர்வு இல்லை, பிள்ளைகளுக்குக் கைவேலைக்கு வயதும் ஆயிற்று. வாரம் ஒரு அறிவியல் டபுள், ஒரு கணக்கு டபுள் மட்டும். 10ஆம் வகுப்பின் அட்டவணையை அந்த ஆண்டு தொட வேண்டாம். அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு என்பதால் ஆசிரியர்கள் தாங்களே டிசம்பரில் வந்து டபுள் கேட்பார்கள். அதற்கு ஆய்வகத்தில் செவ்வாய், வியாழன் மதியத்தை இப்போதே காலியாக விட்டுவையுங்கள்.